அமராவதியின் கணக்கைத் திருத்தாதீர்கள்

கம்பரின் மகன் அம்பிகாபதியின் தலையை வாங்கியது சோழனின் வாள் மட்டுமல்ல, ஓர் எண்ணிக்கைப் பிசகும்தான். சிற்றின்ப வாடையில்லாமல் நூறு பாட்டு பாடினால் உயிர் பிழைக்கலாம் என்பது நிபந்தனை. எண்ணிக்கொண்டிருந்த அவன் காதலி, சோழன் மகள் அமராவதி, காப்புச் செய்யுளையும் கணக்கில் சேர்த்துவிட்டாள். தொண்ணூற்றொன்பதிலேயே நூறு முடிந்ததென்று எட்டிப் பார்த்தாள். அவன் கண்ணில் பட்டாள். அடுத்த பாட்டு அவளைப் பற்றியதாகிவிட்டது.

சினிமாக் கொட்டகை இல்லாத ஊர் என்று பெயர் வாங்கிய காயல்பட்டினத்துக்கு இந்தக் கதை இலங்கை வானொலி வழியாக வந்தது. சிவாஜியும் பானுமதியும் நடித்த 1957ஆம் ஆண்டுப் படத்தை என் உம்மம்மா பார்த்ததே இல்லை. ஜி. ராமநாதன் இசையமைத்த பாட்டுகளை ரேடியோவில் கேட்டே முழுக் கதையையும் சொல்வார். பக்கத்து வீட்டுப் பெண்கள் முடுக்கு வழியாக வந்து சுற்றி உட்கார்வார்கள். பலருடைய மாப்பிள்ளைமார் கொழும்புக்குச் சபர் போனவர்கள். கதை தொண்ணூற்றொன்பதுக்கு வந்ததும், "காப்பையும் சேர்த்து எண்ணிட்டாளே வாப்பா!" என்று தலையில் கை வைப்பார். அவன் பிழைத்திருக்கக் கூடாதா என்று நாங்கள் கெஞ்சினாலும் முடிவை மட்டும் மாற்ற மாட்டார்.

ஐரோப்பாவின் பழைய கெல்டியக் கதையான டிரிஸ்டன்–இசோல்டும் இப்படித்தான். காதலி வருகிறாள் என்றால் கப்பலில் வெள்ளைப் பாய், இல்லையென்றால் கறுப்புப் பாய். வெள்ளைப் பாய் விரித்துத்தான் கப்பல் வந்தது. கறுப்பு என்று அவன் மனைவி சொன்ன ஒரு பொய்யில் டிரிஸ்டனின் உயிர் போகிறது. தூத்துக்குடித் தோணிகளின் பாய் பார்த்துக் காத்திருந்த கரைக்கு இதை விளக்கவே வேண்டாம். 1865இல் அரங்கேறிய தம் இசை நாடகத்தில் வாக்னர் பாயின் நிறத்தையே கைவிட்டார். சாவைக் கைவிடவில்லை.

நம்மவர்களும் தாராளமாக மாற்றினார்கள். தியாகராஜ பாகவதர் நடித்த 1937ஆம் ஆண்டு 'அம்பிகாபதி'யை இயக்கிய எல்லிஸ் ஆர். டங்கன் தமிழ் தெரியாத அமெரிக்கர். ரோமியோ–ஜூலியட்டின் காதல் காட்சிகளை வசனகர்த்தா இளங்கோவனிடம் காட்டி அந்தச் சாயலில் எழுத வைத்தார். ஷேக்ஸ்பியர் உள்ளே வந்தார். ஆனாலும் கதை கதையாகவே நின்றது.

இப்போது வந்திருப்பது வேறு வகை. 2013இல் 'அம்பிகாபதி' என்ற பெயரில் தமிழ் பேசிய இந்திப் படம், 2025 ஆகஸ்டில் செயற்கை நுண்ணறிவு கொண்டு முடிவு மாற்றப்பட்டுத் திரும்ப வந்தது. இறந்த நாயகன் கண் விழித்தான். படத்தை இயக்கியவரும் நாயகனாக நடித்தவரும் உயிரோடு இருந்து எதிர்த்தார்கள். அப்படியும் திரையிட்டார்கள். 1937, 1957 படங்களை உருவாக்கியவர்களோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாளை யாராவது ஒருவர் பானுமதியின் குரலையே எடுத்து, சரியாக நூறு வரை எண்ண வைத்தால் யார் தடுப்பது? இயந்திரத்துக்கு எண்ணிக்கை பிசகாது. ஆசையால் கணக்கு தவறிய ஒரு பெண்ணின் கதை அத்தோடு முடிந்தது.

கம்பர் வால்மீகியை மாற்றவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. மாற்றினார். தன் பெயரில், தன் பாட்டில் மாற்றினார். வால்மீகியின் ஏட்டை எடுத்து அழித்து எழுதவில்லை.

சோகம் வேண்டாமென்றால் புதிய கதை எழுதுங்கள், புதிய பெயர் வையுங்கள். பழைய படத்தில் கை வைப்பதென்றால் இயக்கியவரின் சம்மதம் வேண்டும். அவர் இல்லையென்றால் அந்தப் படத்தைத் தொடவே கூடாது. இதைச் சட்டமாக்கக் கேட்க வேண்டிய நேரம் இதுதான். இன்றைய பிள்ளைகள் அமராவதியை முதன்முதலாகப் பார்க்கப்போவது கைபேசியில்தான். திருத்திய படம் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டால், அதுதான் அசல் என்று நம்பியே வளர்வார்கள்.