தொழிலை விடாது பட்டம் பெறுதல்

தொழில் புரிந்துகொண்டே கற்க விழைவோர்க்குப் பெருந்தடை அறிவுக் குறைவன்று, நேரக் குறைவே. எங்குப் படித்தவராயினும் பரீட்சை எழுதிப் பட்டம் பெறலாம் என இலண்டன் பல்கலைக்கழகம் 1858ஆம் ஆண்டிலேயே வழி திறந்தது. இலங்கையரும் பலர் அவ்வழியே பட்டதாரிகளாயினர். ஆயினும் தனியே படித்தோர்க்குப் பாடத்திட்டம் கிடைத்ததேயன்றி ஆசிரியர் கிடைத்திலர்.

1969இல் நிறுவப்பெற்ற பிரித்தானியத் திறந்த பல்கலைக்கழகம் அக்குறையை நீக்க முயன்றது. முன்தகைமை எதுவும் கேளாது, 1971இல் முதல் மாணவர்க்குக் கற்பிக்கத் தொடங்கியது. பாடநூல் தபாலில் வந்தது; விரிவுரை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வந்தது. ஒப்படையைத் திருத்தி, பிழைக்குக் காரணமும் எழுதியனுப்பிய ஆசிரியரே அம்முறையின் உயிர்நாடி. அகாலவேளை ஒலிபரப்புக்காகக் கண்விழித்தோர் பட்ட பாடும் சிறிதன்று! இன்று இணையவழிக் கல்வியில் அத்தொல்லை இல்லை.

தலைமைத்துவக் கல்விக்கு இம்முறை சாலப் பொருந்தும். தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர் வேலைப் பகிர்வு பற்றி இரவிற் படித்து, மறுநாள் தம் பகுதியிலேயே சோதித்து, கண்டதை ஒப்படையாக எழுதலாம். தொழிலறியா இளமாணவர்க்கு இவ்வாய்ப்பு ஏது? எனினும், உழைத்த பணத்தைக் கட்டுமுன் அவர் இரண்டு கேள்விகளைக் கேட்டறிதல் வேண்டும்: அப்பட்டத்தைத் தொழில் கொடுப்போர் ஏற்பரா? ஒப்படையைத் திருத்துபவர் யார், எத்தனை நாளில்?