உப்புக் காற்றில் இரும்பு நாற்காலி

பனி கொட்டும் நாடுகளில் குளிர்காலம் நெருங்கினால் தோட்டத்து இரும்பு நாற்காலிகளை உள்ளே தூக்கிவைப்பார்கள். வேம்பநாட்டுக் காயலை ஒட்டிய இடக்கொச்சியில் பனி ஏது? ஜூனில் இறங்கும் தென்மேற்குப் பருவமழைதான் இங்கே இரும்புக்குக் கெட்ட காலம். கொச்சி வட்டாரத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3,000 மி.மீ. மழை பெய்கிறது. அது போதாதென்று அரபிக்கடலின் உப்புக் காற்று வேறு.

தண்ணீரும் ஆக்சிஜனும் இருந்தாலே இரும்பு துருப்பிடிக்கும். உப்பு அந்த வேலையை விரைவுபடுத்தும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், படிந்திருக்கும் உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். அதனால் மழையில்லாத நாளிலும் நாற்காலியின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் நிற்கும். பெயின்ட் கீறலுக்குள் அது புகுந்தால் அடியில் துரு வளரும். இரும்பைவிடத் துருவுக்கு இடம் அதிகம் வேண்டும். பெயின்ட் கொப்புளித்து உரிவது அதனால்தான்.

நாற்காலியைக் கவிழ்த்துப் பாருங்கள். மழையில் நனையும் மேல்பக்கத்தைவிட அடிப்பக்கம் மோசமாக அரித்திருக்கும். மேலே படியும் உப்பை மழையே கழுவிவிடுகிறது, அடியில் அது தங்கிவிடுகிறது. கால் குழாயின் ரப்பர் புஷ்ஷைக் கழற்றினால் பழுப்புத் தண்ணீர் வடியும். வெல்டிங் இடுக்கு வழியாக இறங்கிய மழைநீர் வெளியேற வழியின்றி, குழாயை உள்ளிருந்தே தின்றிருக்கும்.

இந்த அரிப்பை 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி) ஆய்வகம் பல்லாண்டுகளாக ஆராய்கிறது. இந்தியாவின் அரிப்பு வரைபடத்தைத் தயாரித்ததும் அதுவே. கடல்மேல் நிற்கும் இரும்புக்கும் இதே தொல்லைதான்: ராமேஸ்வரம் செல்லும் ரயில் பாதையில் 1914இன் பழைய பாம்பன் பாலம் ஓயாத பராமரிப்பால்தான் நூறாண்டைக் கடந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்ஸேன் பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டு நாற்காலிக்கு அவ்வளவு செலவு வேண்டாம். முதலில் நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் வரை கழுவ வேண்டும். பலர் தவறவிடும் படி இது: உப்பின் மேல் அடித்த பெயின்ட் எவ்வளவு விலையானாலும் நிற்காது. நன்றாகக் காய்ந்த பிறகு கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் போட்டுத் துருவை எடுத்து, அன்றே துரு தடுக்கும் ப்ரைமர், அதன்மேல் இரண்டு கை எனாமல். குழாயின் அடியில் நீர் வடிய ஒரு துளையும் போட்டுவிடலாம். பிளாஸ்டிக் தாளால் இறுக்கிக் கட்டுவது ஈரத்தைப் பூட்டிவைப்பதுதான்.

புதிதாக வாங்குபவர்கள் சூடான துத்தநாகத்தில் முக்கியெடுத்த இரும்பைக் கேட்டு வாங்கலாம். கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் கரைந்து இரும்பைக் காக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால், மாலிப்டினம் கலந்த 316 ரகம்தான் கடற்காற்றுக்கு ஏற்றது. பழைய நாற்காலிக்குப் பெயின்ட் அடிப்பதாக இருந்தால், மே மாதம் முடிவதற்குள் முடித்துவிடுங்கள்.