எந்தச் சீட்டைக் கிழிப்பது?

மதுரையில் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். தலைமைச் சமையற்காரர் செய்முறை நோட்டை உள்ளறையில் வைத்துப் பூட்டியிருக்கிறார். எந்தப் பதார்த்தம் வேண்டுமோ அந்தப் பக்கத்தை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அடுப்படிக்கு அனுப்புவார். சீட்டில் உள்ளபடி சமையல் நடக்கும். நம் உடம்பின் செல்லுக்குள்ளும் இதுதான் ஏற்பாடு. பூட்டிய நோட்டு டி.என்.ஏ. துண்டுச் சீட்டு தூது ஆர்.என்.ஏ. அடுப்பிலிருந்து இறங்குவது புரதம்.

இரைப்பைப் புற்றுநோயில் முதலில் நோட்டின் சில பக்கங்களில் எழுத்து பிசகுகிறது. பிறகு ‘பெருகு’, ‘இடம் மாறு’ என்கிற சீட்டுகள் ஓயாமல் வருகின்றன. அதனால் செல்கள் கட்டியாகின்றன, இரைப்பைச் சுவரைத் துளைத்து நிணநீர்க் கணுக்களுக்கும் கல்லீரலுக்கும் போகின்றன.

நோட்டைத் திருத்துவது பெரும்பாடு. சீட்டைக் கிழிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. மரபணுவை மௌனமாக்குவது என்று பெரிய பேராகச் சொல்வது இந்தச் சீட்டுக் கிழிப்பைத்தான்.

முதலில், வேண்டாத சீட்டின் எழுத்துகளுக்கு அச்சாகப் பொருந்தும் சிறு ஆர்.என்.ஏ துண்டு ஒன்றைச் செய்கிறார்கள். இரட்டை இழை, சுமார் 21 எழுத்து நீளம். பிறகு அதைச் செல்லுக்குள் அனுப்புகிறார்கள். அங்கே ரிஸ்க் என்ற புரதக் கூட்டம் மேற்பார்வைக்கு நிற்கிறது. அது ஓர் இழையை உதறிவிட்டு மற்றதை மாதிரியாகக் கையில் வைத்துக்கொள்ளும். அப்புறம், வருகிற சீட்டுகளை மாதிரியோடு ஒட்டிப் பார்க்கும். பொருந்தினால் வெட்டு. மாதிரி கையிலேயே இருப்பதால் அடுத்த சீட்டுக்கும் அதே கதி. இந்தச் சிக்கனத்தில் எனக்கு ஒரு மயக்கம் உண்டு.

புழுவில் இந்தச் சீட்டுக் கிழிப்பை 1998-இல் காட்டிய ஆண்ட்ரூ ஃபயருக்கும் கிரெய்க் மெல்லோவுக்கும் 2006-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் ஊருக்கும் இதில் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் வேலுத்தம்பியும் சிவபிரசாத்தும் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து, மஞ்சள் தேமல் கண்ட உளுந்துச் செடிகள் இந்த வழியில் தேறுவதை 2003-இல் காட்டினார்கள்.

சரி, எந்தச் சீட்டைக் கிழிப்பது? சிக்கல் இங்கேதான். பிற்பாடு அதே பல்கலைக்கழகத்தில் புற்றுநோய் மரபியல் ஆய்வு நடத்திய குமரேசன் கணேசன், 2008-இல் சிங்கப்பூரின் பேட்ரிக் டான் குழுவோடு ஓர் ஆய்வு வெளியிட்டார். இரைப்பைப் புற்றுச் செல்களில் பிஎல்ஏ2ஜி2ஏ என்ற மரபணுவை மௌனமாக்கிப் பார்த்தார்கள். செல்கள் அடங்கவில்லை, முன்னைவிட அதிகமாக ஊடுருவின! காரணம், கிழிந்தது காவல்காரனின் சீட்டு. பரவலுக்குத் துணைபோகும் எஸ்100ஏ4 என்ற மரபணுவை அதுவரை அடக்கி வைத்ததில் அந்தக் காவலுக்கும் பங்கு இருந்தது. ஆகவே வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு சீட்டும் யாருடையது என்று தெரிந்தாக வேண்டும். ஆய்வுக்கூடங்களில் நிறைய உழைப்பு அதற்கே போகிறது.

அடுத்தது, உள்ளே கொண்டுசேர்ப்பது. வெறும் ஆர்.என்.ஏவை ஊசியில் ஏற்றினால் ரத்தத்தில் உள்ள நொதிகள் சிதைத்துவிடும். அதனால் நுண்ணிய கொழுப்பு உருண்டையில் பொதிந்து அனுப்புகிறார்கள். அதுவோ பெரும்பாலும் கல்லீரலில் போய் இறங்கிவிடுகிறது. இவ்வகையில் 2018-இல் முதலில் அனுமதி பெற்ற மருந்தான பட்டிசிரான் வேலை செய்வதும் கல்லீரலில்தான். இரைப்பைக் கட்டியைத் தேடிப்போகும் உருண்டையை இன்னும் பெரும்பாலும் எலிகளில்தான் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். அது மருந்தாக வரும்வரை மருத்துவர் சொல்லும் அறுவையையும் கீமோவையும் தள்ளிப்போட வேண்டாம்.