பணம் ஊருடையது, தடி யாருடையது?

ஊராட்சியின் அதிகாரம் உரிமையா, சலுகையா? வக்கீல்கள் மேசையில் கிடக்கட்டும் இந்தக் கேள்வி, நமக்கென்ன என்று தோழர்கள் தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்துச் செயின்ட் லூயிஸ் நகர மக்கள் 1861 முதல் இந்தக் கேள்வியைத் தோளில் சுமக்கிறார்கள்.

அன்று அந்த நாடு இரண்டாகப் பிளக்கும் வேளை. அடிமை முறை அழியக் கூடாது என்று தெற்கு மாநிலங்கள் தனிக்கொடி தூக்கிவிட்டன. மிசௌரியும் அடிமைகளை வைத்திருந்த மாநிலந்தான். 1861 ஜனவரியில் கவர்னரான கிளெய்போர்ன் ஜாக்சனின் உள்ளம் தெற்கிலே இருந்தது. ஆனால் மாநிலத்தின் பெரிய நகரமான செயின்ட் லூயிஸ் அவர் கைக்கு அடங்கவில்லை. ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்து பட்டறையிலும் பீர் ஆலையிலும் பாடுபட்டவர்கள் நிறைந்த ஊர் அது. மேயரோ ரிபப்ளிக்கன் கட்சிக்காரர்.

என்ன செய்தார்கள் தெரியுமா? மார்ச் மாதம் மாநிலச் சட்டமன்றத்திலே ஒரு சட்டம் செய்தார்கள். நகரப் போலீசை இனி ஒரு வாரியம் நடத்தும். அதில் நால்வரைக் கவர்னரே நியமிப்பார். மேயருக்கு அங்கே ஒரே ஒரு நாற்காலி. சம்பளம்? ஆ, அதை மட்டும் ஊர் மக்கள் கொடுக்க வேண்டும்!

அந்த ஆண்டு ஜூனிலேயே ஜாக்சன் தலைநகரை விட்டு ஓடினார். 1862-இல் மாண்டார். 1865-இல் மிசௌரியில் அடிமை முறையும் ஒழிந்தது. அவர் காரியத்துக்காகப் பிறந்த சட்டம் மட்டும் பிழைத்துக்கொண்டது. பின்னால் வந்தவர்கள், எந்தக் கட்சியாயினும், அடுத்தவன் கொடுத்த தடியைக் கீழே போட விரும்பவில்லை.

இதற்குச் சித்தாந்தமும் கிடைத்தது. 1868-இல் ஐயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் தீர்ப்பிலே எழுதினார்: நகராட்சிகளைப் படைப்பது சட்டமன்றம்; படைத்தவனே அழிக்கவும் செய்யலாம் என்று. மூன்றே ஆண்டில் மிச்சிகன் நீதிபதி தாமஸ் கூலி எதிர்த்து எழுதினார்: தன் ஊரைத் தான் ஆள்வது மக்களின் உரிமை, அதை மாநிலம் பறிக்க முடியாது என்றார். நமக்குக் கூலியைப் பிடிக்கிறது. நீதிமன்றங்களுக்கு டில்லனைப் பிடித்தது. 1879-இல் டென்னசி சட்டமன்றம் மெம்பிஸ் நகரின் சாசனத்தையே ரத்துச் செய்தது. முந்தைய ஆண்டு மஞ்சள் காய்ச்சலில் 5,000 பேருக்கு மேல் மடிந்த ஊர், கடனிலும் மூழ்கிய ஊர்; பிறகு 1893 வரை அது வெறும் ‘வரி மாவட்டம்’.

மிசௌரியில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. 1875-ஆம் ஆண்டு அரசியல் சட்டம், லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரம் தன் சாசனத்தைத் தானே எழுதிக்கொள்ளலாம் என்றது. அமெரிக்காவிலேயே முதலாவதாகச் செயின்ட் லூயிஸ் 1876-இல் எழுதிக்கொண்டது. ஆனால் போலீஸ்? அது கவர்னரிடமே இருந்தது.

எதிர்த்தரப்புக்கும் ஒரு வாதம் உண்டு, மறைக்க மாட்டோம். அதே மாநிலத்தில் கான்சாஸ் சிட்டி 1932-இல் தன் போலீசைத் திரும்பப் பெற்றது. ஊரையே பையில் போட்டிருந்த பெண்டர்காஸ்ட் என்ற கட்சி முதலாளியின் கூட்டத்திடம் போய்ச் சிக்கியது அந்தப் போலீஸ். 1939-இல் மாநிலம் அதை மீண்டும் எடுத்துக்கொண்டது. பார்த்தீர்களா, என்கிறார்கள். பார்த்தோம். வரி ஏய்த்த குற்றத்துக்காக அதே ஆண்டு பெண்டர்காஸ்ட் சிறைக்குப் போனார். கான்சாஸ் சிட்டி மக்களோ இன்றுவரை தண்டனை அனுபவிக்கிறார்கள்! திருடனைச் சிறையில் தள்ளுவதற்கும் ஊரையே காவலில் வைப்பதற்கும் வேறுபாடு இல்லையா?

செயின்ட் லூயிஸ் பொறுத்தது. 2012-இல் மாநில மக்கள் எல்லோரும் வாக்களித்துத் தீர்மானித்தார்கள். 2013-இல் போலீஸ் நகரத்திடம் வந்தது. 152 ஆண்டுக் காத்திருப்பு! கையில் இருந்தது எத்தனை நாள்? 2025 மார்ச்சில் சட்டமன்றம் அதை மறுபடி மாநில வாரியத்தின் கீழே கொண்டுபோகச் சட்டம் செய்தது; கவர்னர் கையெழுத்திட்டார். வருவாயில் இன்ன பங்கைப் போலீசுக்கு ஒதுக்கியே தீர வேண்டும் என்றும் நகரத்துக்குக் கட்டளை.

பில் வழக்கம்போல் ஊர் மக்களுக்கு.