கரடகன் கலீலாவான வரலாறு

சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரைச் சார்ந்து காலடிப்பேட்டை என்னும் ஊர் உள்ளது. பெயரைக் கேட்டவர் அதனைச் சங்கரர் பிறந்த காலடியோடு தொடர்புபடுத்தக்கூடும். ஆனால், 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றி அமைத்த ஊர் அது. காலெட்டுப்பேட்டை என்பதே மக்கள் நாவில் பயின்று காலடிப்பேட்டை ஆயிற்று. அயல்மொழிப் பெயருக்குத் தம் மொழியின் உருவத்தை அளித்தல் எந்நாட்டு மக்களுக்கும் இயல்பு. அவ்வாறு பெயர் மாறிய இரு நரிகளின் வரலாறு இதனினும் மிகப் பழமையானது.

பஞ்சதந்திரத்தில் வரும் கரடகன், தமனகன் என்னும் நரிகளே அவை. ஆறாம் நூற்றாண்டில் பாரசீகத்தை ஆண்ட நௌஷர்வான் என்னும் மன்னனுடைய மருத்துவர் பர்ஸோய், அந்நூற்கதைகளை வடமொழியிலிருந்து பகலவி என்னும் பழம் பாரசீக மொழியில் பெயர்த்தார். அம்மொழியின் எழுத்தில் ரகரமும் லகரமும் எளிதில் மயங்கும். பின்னர் அரபு மொழியில் கரடகன் ‘கலீலா’ என்றும், தமனகன் ‘திம்னா’ என்றும் வழங்கலாயினர்.

அரபு மொழியில் பெயர்த்தவர் இப்னுல் முகஃபா என்னும் பாரசீக அறிஞர். எட்டாம் நூற்றாண்டின் நடுவில் அவர் இயற்றிய ‘கலீலாவும் திம்னாவும்’ அரபு உரைநடையின் முன்மாதிரியாகப் போற்றப்படுகிறது. அரசியல் பகைமையால் அவர் இளமையிலேயே கொலையுண்டார். பாக்தாது நகரம் அமைக்கப்பட்ட 762ஆம் ஆண்டை அவர் கண்டாரல்லர். பகலவி நூலோ பிற்காலத்தில் அழிந்துபட்டது. அவர் எழுதியிராவிடின் இக்கதைகள் மேலை நாடுகளை எட்டியிருத்தல் அரிது.

பஞ்சதந்திரத்தில் சிங்கத்துக்கும் எருதுக்கும் இடையே பகை மூட்டிய தமனகன், தண்டனை எதுவும் இன்றி வாழ்கிறான். அரபு நூலிலோ திம்னா வழக்கு மன்றத்தில் நிறுத்தப்பெற்று இறுதியில் மாள்கிறான். இப்பகுதியை இப்னுல் முகஃபாவே சேர்த்தார் என்பது அறிஞர் பலரின் கருத்து. வஞ்சகன் வாழ்தலை அவர் உள்ளம் பொறுக்கவில்லை போலும்! ஆயினும், மொழிபெயர்ப்பாளர்க்கு அவ்வுரிமை உண்டோ? ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் இந்தியாவைப் பற்றிப் பெருநூல் எழுதிய அல்பிரூனி இதனை ஏற்றிலர். வடமொழி கற்ற அப்பேரறிஞர், முன்னோர் பெயர்ப்பை நம்புதற்கில்லை என்றும், பஞ்சதந்திரத்தைத் தாமே பெயர்க்க விரும்புவதாகவும் எழுதினார். அவர் விருப்பம் நிறைவேறவில்லை.

மூலத்தைப் பேணுவதில் பெரிதும் கருத்துச் செலுத்தியவர் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக். கிறித்தவரான அவர் கிரேக்க மருத்துவர் காலெனின் நூல்களைச் சிரியாக்கிலும் அரபு மொழியிலும் பெயர்த்தார். ஒரு நூலுக்குப் பல படிகளைத் தேடி ஒப்புநோக்கித் திருத்திய பின்னரே பெயர்ப்பார். காலெனின் நூல் ஒன்றைத் தேடிச் சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என அலைந்தும், தமாஸ்கு நகரில் அதன் பாதியளவே அவருக்குக் கிட்டியது. உண்மை நாடி மருந்து நூல் பெயர்ப்பவர்க்கு ஒரு சொல் பிழைத்தாலும் உயிர் போகும் அன்றோ?

அரபு நூல் 1251ஆம் ஆண்டில் ஸ்பானிய மொழிக்குச் சென்றது. எபிரேயத்தின் வழியே இலத்தீனுக்கும், பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றுக்கும் பரவியது. பாரசீகத்தின் வழியே இந்தியாவுக்கும் மீண்டது. அக்பரின் விருப்பத்திற்கிணங்க 1588இல் அபுல் பசல் அதனை எளிய பாரசீக நடையில் எழுதினார்.

தமிழ்நாட்டுக்கு இக்கதைகள் உரைநடையில் வந்த வழி வேறு. சென்னைக் கல்விச் சங்கத்தின் தமிழ்ப் புலவர் தாண்டவராய முதலியார், மராட்டியிலிருந்து பெயர்த்துப் பஞ்சதந்திரக் கதையை 1826இல் வெளியிட்டார். அந்நூலில் நரிகள் இரண்டும் கரடகன், தமனகன் என்னும் பழைய பெயர்களோடே வருகின்றன.