டிஸ்சார்ஜ் சம்மரியில் உள்ள குறியீட்டைப் பார்த்தீங்களா?

மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது தரும் டிஸ்சார்ஜ் சம்மரியை முழுசா படிச்சிருக்கீங்களா? சிலவற்றில் நோயின் பெயருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்தும் சில எண்களும் இருக்கும். அதுதான் ஐ.சி.டி. குறியீடு. உலக சுகாதார நிறுவனம் வகுத்த நோய்ப் பட்டியலில் உங்கள் பிரச்சினைக்கு உள்ள எண் அது. விபத்தில் தலையில் அடிபட்டவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

காயம் வேறு, பின்விளைவு வேறு

பட்டியலின் 10-வது பதிப்பில், தலையின் ரத்தக்குழாய் காயத்துக்கு எஸ்09.0 என்ற குறியீடு. மண்டை ஓட்டுக்குள் ரத்தக்கசிவு, மூளைக்காயம் என்றால் எஸ்06.

தையல் பிரித்த பிறகும் சிலருக்குப் பாதிப்பு தொடரும். அது அந்தக் காயத்தின் பின்விளைவு என்று மருத்துவர் குறிப்பிட்டாலோ, காயம்பட்டு ஓராண்டுக்கு மேல் நீடித்தாலோ குறியீடு மாறும். எஸ்09.0 காயத்தின் பின்விளைவுக்கு டி90.8; எஸ்06 காயத்தின் பின்விளைவுக்கு டி90.5.

இணையத்தில் தேடினால் எஸ்09.0எக்ஸ்எக்ஸ்எஸ் என்று நீளமாகவும் வரும். குழம்ப வேண்டாம், அது அமெரிக்க முறை. கடைசி 'எஸ்' பின்விளைவைக் குறிக்கிறது.

இதனால் நமக்கென்ன?

விபத்தில் மூளைக்குள் ரத்தம் கசிந்து, ஒருவருக்கு ஒரு பக்கக் கை, கால் செயலிழந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதைய பாதிப்புக்கு ஜி81, அதன் காரணத்துக்கு டி90.5 என இரண்டும் பதிவாக வேண்டும். தவறுதலாக ஐ69 என்று பதிவானால், அது தானாக வந்த பக்கவாதத்தின் பின்விளைவு என்றாகிவிடும். விபத்து என்பதே காகிதத்தில் இருக்காது!

காப்பீட்டு கிளைம் படிவத்தில் மருத்துவமனை நிரப்பும் பகுதியில் ஐ.சி.டி. 10 குறியீட்டுக்கு இடம் உண்டு. விபத்து இழப்பீட்டு வழக்கிலும், "இந்தப் பாதிப்பு விபத்தால்தான் வந்ததா?" என்ற கேள்வி எழும். குறியீடு மட்டுமே எதையும் முடிவு செய்யாது. ஆனால் ஆவணங்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் அலைச்சல் உங்களுக்குத்தான்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• விபத்து நடந்த தேதியும் 'தலைக்காயத்தின் பின்விளைவு' என்ற விவரமும் சம்மரியில் உள்ளதா என்று பாருங்கள்.

• தவறு தெரிந்தால் நீங்களே திருத்தாதீங்க. சிகிச்சை அளித்த மருத்துவரிடம் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள்.

• உள்நோயாளியாக இருந்தவர் மருத்துவப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிமுறை. 3 ஆண்டுகள் பாதுகாத்தால் போதும் என்பதும் அதே விதிமுறைதான். அதனால் தள்ளிப்போடாதீங்க.

• ஏ.ஆர். காப்பி, ஸ்கேன் அறிக்கை, சம்மரி மூன்றையும் போனில் படம் எடுத்து ஒரே இடத்தில் வையுங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்குப் பரிசோதனைக்குப் போகும்போது அசலையும் கொண்டு போங்க.

மருத்துவ ஆலோசனைக்கு எப்போது வேண்டுமானாலும் 104-ஐ அழைக்கலாம்.