நிலா மண்ணும் குச்சிக்கிழங்கும்

நாமக்கல்லுக்கு மேற்கே சித்தம்பூண்டி, குன்னமலைப் பக்கம் வெளுத்த நிறத்தில் ஒரு பாறை உண்டு. அங்கே ஆடு மேய்ப்பவர்களுக்கு அது வெயில் தாழ உட்கார ஒரு கல். நிலவியல்காரர்களுக்கு அது அனார்தோசைட். வயது சுமார் 250 கோடி ஆண்டு. நிலாவின் மேட்டுநிலங்கள் ஆனதும் இதே வகைப் பாறையால்தான். அதனால் இஸ்ரோ அந்தக் கல்லைத் தேடி வந்தது. பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறை கல்லை அடையாளம் காட்ட, சேலத்துக் கிரஷர்களில் அதைப் பொடித்து, சலித்து, சுமார் 50 டன் பெங்களூருக்குப் போனது. சந்திரயானின் தரையிறங்கு கலத்தையும் ஊர்தியையும் அந்த மண்ணைப் பரப்பித்தான் சோதித்துப் பார்த்தார்கள். அந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020-ல் காப்புரிமையும் கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலாவில் இறங்கியபோது, பரமத்தி வேலூர்ப் பக்கத்து மண்ணுக்கும் அதில் பங்கு இருந்தது.

இந்தப் பாறைத் தொகுதியைப் பற்றி 1956-லேயே ஏ.பி. சுப்பிரமணியம் என்ற நிலவியலாளர் அமெரிக்க நிலவியல் கழகத்தின் இதழில் விரிவாக எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் எத்தனையோ பேர் வந்தார்கள், கல் உடைத்தார்கள், கட்டுரை எழுதினார்கள். அந்த எழுத்தெல்லாம் எங்கே போனது, எந்த மொழியில் போனது? சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அறிவியல், தொழில், மொழி, வரலாறு என்று ஆய்வுகள் எப்படிப் பல கிளையாக விரிந்திருக்கின்றன என்பதுதான் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. விவரம் சேர்க்கச் சேர்க்க, கிளைகளின் எண்ணிக்கையைவிட இந்தக் கேள்விதான் என்னை விடாமல் தொந்தரவு செய்தது.

கிளைகளுக்குக் குறைவே இல்லை. ஒரு நாள் பயணத்தில் பார்த்துவிடக்கூடிய தூரத்துக்குள் நிலா மண், முட்டைக்கோழி, மரவள்ளி, மேச்சேரி ஆடு, கொல்லிமலைச் சாமை, எட்டாம் நூற்றாண்டுக் குடைவரை, கொங்குப் பேச்சு எல்லாமே ஆராயப்பட்டிருக்கின்றன. மேச்சேரி ஆட்டுக்கென்றே பொட்டனேரியில் 1978 முதல் ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-ல் தொடங்கியது. அங்கே உருவான காடைக்கு நாமக்கல் தங்கக் காடை என்று ஊர்ப் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

கோழிப்பண்ணை பற்றி நாமக்கல்காரர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் கல்லூரி செய்யும் ஒரு சின்னக் காரியத்தைச் சொல்லியாக வேண்டும். அதன் வானிலை ஆலோசனை மையத்திலிருந்து ஓர் அறிக்கை வருமே, நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். அடுத்த சில நாள்களுக்கு வெயில் எவ்வளவு, காற்று எந்தத் திசை, மழை உண்டா என்று தொடங்கும். பிறகு, பரிசோதனைக்கு வந்த இறந்த கோழிகள் எதனால் இறந்தன என்று சொல்லும்: வெப்ப அயர்ச்சியா, இறக்கை அழுகல் நோயா? கடைசியில் தீவனத்தில் என்ன பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. ஆய்வகத்து மேசையில் அறுத்துப் பார்த்தது சில நாளில் பண்ணைக்காரர் டீக்கடையில் படிக்கும் தமிழாக வந்துவிடுகிறது. மக்காச்சோளத்தில் ஈரம் ஏறினால் பூஞ்சை நச்சு வரும், நச்சு வந்தால் முட்டை குறையும் என்பதை இன்று பண்ணையில் தீவனம் அரைப்பவர்கூடச் சொல்வார். ஒரு சொல்லும் கடினமில்லாத அந்தப் பத்து வரிக்குப் பின்னால் நோயியல், தீவனவியல், வானிலையியல் என்று மூன்று துறைகள் நிற்கின்றன. என்னைக் கேட்டால், இந்த மாவட்டத்தின் மிகச் சிறந்த ஆய்வு வெளியீடு அதுதான்.

இனி கிழங்குக் கதை. மரவள்ளி என்று புத்தகத்தில் போடுவார்கள், இங்கே அது குச்சிக்கிழங்கு. குச்சியை வெட்டி நட்டால் பத்து மாதத்தில் கிழங்கு. ஆலைக்காரர் மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் அளந்து விலை போடுவார். ஒரு பாயிண்ட் குறைந்தால் விவசாயி முகம் வாடிவிடும். கிழங்கு ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சாகவும் போக, மிஞ்சும் திப்பி மாட்டுத் தீவனமாகும். ஏத்தாப்பூரில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. முள்ளுவாடி, குங்குமரோஸ், வெள்ளைத் தாய்லாந்து என்று விவசாயிகள் வைத்த பெயர்களோடு ஆராய்ச்சி நிலையங்கள் வெளியிட்ட ரகங்களும் சேர்ந்து வயலில் நிற்கின்றன.

2020-ல் கேரளத்தில் ஒரு புது மாவுப்பூச்சியைக் கண்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள் தமிழ்நாட்டுக் கிழங்கு வயல்களிலும் அது வந்து சேர்ந்தது. குருத்து சுருண்டு கொத்தாகிவிடும், கணுக்கள் நெருங்கிவிடும், செடி குட்டையாகவே நின்றுவிடும். நடவுக் குச்சியிலேயே ஒட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தப் பூச்சி 1970-களில் ஆப்பிரிக்காவில் நுழைந்து, கிழங்கை நம்பி வாழ்ந்த மக்களைப் பசியில் தள்ளியிருந்தது. அதன் இயற்கை எதிரியைத் தேடிப் போனவர்கள் 1981-ல் பராகுவே நாட்டில் ஒரு குளவியைக் கண்டார்கள். இரண்டு மில்லிமீட்டர்கூட இராது. மாவுப்பூச்சியின் உடம்புக்குள் முட்டை இடும். புழு உள்ளிருந்தே தின்று வளரும். பூச்சி காய்ந்து கூடாகிவிட, அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த குளவி வெளியே வரும். இந்தக் குளவியை ஆப்பிரிக்கா முழுக்கப் பரப்பிய பணிக்காக ஹான்ஸ் ஹெரன் 1995-ல் உலக உணவுப் பரிசு பெற்றார். 2008-ல் இந்தப் பூச்சி தாய்லாந்தில் புகுந்தபோது அங்கும் இதே குளவிதான் போனது. நம் நாட்டு விஞ்ஞானிகள் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனினிலிருந்து அதை வரவழைத்து, பெங்களூரில் தனிமைப்படுத்திச் சோதித்து, பெருக்கி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூரில் முதன்முதலாக வயலில் விட்டார்கள்.

பராகுவேயில் கண்டெடுத்த குளவி பெனின் வழியாக ஆத்தூர்ப் பக்கத்துக் கிழங்குக் காட்டில் இறங்கியதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. ஆனால் குளவியை விட்டதோடு வேலை முடியாது. விவசாயி மருந்தடித்தால் குளவி செத்துவிடும். மாவுப்பூச்சியோ மெழுகுப் போர்வைக்குள் பிழைத்துக்கொள்ளும். வயல் வெள்ளை பூத்துக் கிடக்கும்போது ஸ்பிரேயரைத் தொடாமல் இருக்க வேண்டுமென்றால், உள்ளே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். காய்ந்த பூச்சியைக் கையில் வைத்துப் பார்த்து, இதற்குள் நம் ஆள் இருக்கிறான் என்று சொல்லத் தெரிய வேண்டும். இந்த ஆய்வில் தமிழ் விளக்கம் என்பது கடைசியில் ஒட்டும் இணைப்பாக இருக்க முடியாது. அது சரியாகப் போய்ச் சேராவிட்டால் தொழில்நுட்பமே வேலை செய்யாது. ஒட்டுண்ணிக் குளவி, மாவுப்பூச்சி என்ற சொற்கள் வயலில் புழங்கத் தொடங்கியபோதுதான் அந்த ஆய்வு முழுமையானது.

இதைப் பார்த்த கண்ணோடு மற்ற ஆய்வேடுகளைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது. நாடு முழுவதிலுமிருந்து முனைவர் பட்ட ஆய்வேடுகள் சோத்கங்கா என்ற மின் களஞ்சியத்தில் ஏற்றப்படுகின்றன. நல்ல ஏற்பாடு, யாரும் திறந்து படிக்கலாம். ஆனால் நம் பக்கத்து ஆய்வேடுகளில் தமிழ்த் துறையைத் தாண்டினால் கிட்டத்தட்ட எல்லாமே ஆங்கிலம். குமாரபாளையத்துத் தறிக்காரரின் கடனும், ராசிபுரத்து ஜவ்வரிசி ஆலையின் கழிவுநீரும், பள்ளிபாளையத்துக் காவிரித் தண்ணீரும் அளக்கப்பட்டு, அட்டவணையாகி, அளக்கப்பட்டவர் படிக்க முடியாத மொழியில் அடுக்கிவைக்கப்படுகின்றன. ஆய்வை மதிப்பிடுபவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள், ஆங்கிலத்தில் எழுதினால்தான் அவர்கள் படிக்க முடியும் என்று ஆய்வாளர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. நான் கேட்பது அதற்குப் பிறகு செய்ய வேண்டிய இன்னொரு வேலையை.

கொல்லிமலையில் அந்த இன்னொரு வேலை நடந்திருக்கிறது. எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போனால் சாமை, கேழ்வரகு, தினை விளைந்த சரிவுகளில் இப்போது குச்சிக்கிழங்கு நிற்கிறது. கிழங்கு காசு தந்தது. சாமையோ உரலில் குத்திக் குத்திப் பெண்களின் தோளை இறக்கியது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை அங்கே சிறுதானிய ரகங்களை ஊர் ஊராகத் தேடிப் பதிவு செய்தது. கட்டவெட்டிச்சாமை, சுண்டாங்கிக் கேழ்வரகு என்று மலைக்காரர்கள் சொல்லும் பெயராலேயே அவை ஏட்டில் ஏறின. சாமை ஏன் குறைகிறது என்று கேட்டுப் போனவர்களுக்கு, அதைக் குத்தும் பாடுதான் ஒரு பெரிய காரணம் என்று பெண்களிடமிருந்து தெரியவந்தது. ஊருக்குள் சின்ன உமி நீக்கும் இயந்திரங்கள் வந்தன. விதையைச் சேமிக்கும் தொம்பை முறையையும் எழுதி வைத்தார்கள். கேள்வி கேட்டவர்கள் பதிலோடு திரும்பி மலையேறினார்கள் என்பதால்தான் அது நடந்தது. அந்த மலையின் மலையாளிப் பழங்குடி மக்களிடம் போய்ப் பாட்டும் கதையும் பதிவு செய்துகொண்டு இறங்கிய எல்லோரும் அப்படித் திரும்பி ஏறினார்களா?

மொழிப் பக்கம் வந்தால் ஓர் உழைப்பைப் பெயர் சொல்லியே பாராட்ட வேண்டும். பெருமாள்முருகன் தொகுத்த ‘கொங்கு வட்டாரச் சொல்லகராதி’ 2000-ல் வந்தது. வட்டாரப் பேச்சை அகராதியாக்குவது ஒரு நிறுவனம் செய்ய வேண்டிய வேலை, இங்கே ஒரு தனி மனிதர் செய்தார். இந்த வேலைக்கு அவசரமும் உண்டு. மாடு பூட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்தில் சால், வால்கயிறு, வடக்கயிறு என்று ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு சொல் இருந்தது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் வந்து ஆயிரம் அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டதும் கவலை போனது, சொல்லும் போனது. ரிக் ஓட்டுபவர்களிடம் இப்போது புதுச் சொற்கள் இருக்கின்றன, புது அறிவும் இருக்கிறது. மேலே வரும் கல்மாவின் நிறத்தைப் பார்த்தே ஊறல் கிட்டுமா, புகைதானா என்று சொல்பவர்கள் அவர்கள். இந்தியாவின் பல மாநிலங்களின் அடிப்பாறையைத் துளைத்துப் பார்த்த அனுபவம் அது. நாமக்கல் பட்டறைகளில் லாரிக்குப் பாடி கட்டும் ஆட்களின் கணக்கும் அப்படியே கையிலும் கண்ணிலும்தான் இருக்கிறது. நிலவியலும் இயந்திரவியலும் தமிழும் சேர்ந்து உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டிய விஷயம் இது. அண்ணா பல்கலைக்கழகம் 2010-லேயே தமிழ்வழியில் கட்டடவியலும் இயந்திரவியலும் கற்பிக்கத் தொடங்கியது. அந்த மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஆய்வுக்களம் எது?

வரலாற்றுப் பக்கமும் இதே கதைதான். நாமக்கல் கோட்டைப் பாறைக்குக் கீழே, ரங்கநாதர் குடைவரையில், கிரந்த எழுத்தில் சமஸ்கிருதக் கல்வெட்டு உண்டு. அதியேந்திர விஷ்ணுகிருகம் என்று அந்தக் கோயிலுக்குப் பெயர் சொல்கிறது. அதியமான் மரபினர் எட்டாம் நூற்றாண்டில் குடைந்தது என்று இன்று நமக்குத் தெரிவது, அதை ஒருவர் படித்துச் சொன்னதால்தான். அவர் படித்தது அச்சானது ஆங்கில அறிக்கையில். சனிக்கிழமை ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டு ரங்கநாதரையும் பார்க்கப் போகும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்?

என் கோரிக்கை பெரிதில்லை. ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் நான்கு பக்கம் தமிழ். எந்த ஊரில் மண்ணோ கல்லோ சொல்லோ ரத்த மாதிரியோ எடுத்தார்களோ, அந்த ஊரின் பள்ளிக்கும் கிளை நூலகத்துக்கும் ஊராட்சிக்கும் ஒரு பிரதி. பட்டம் கொடுக்கும் முன் பல்கலைக்கழகங்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும். இதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், பெரிய நிதி வேண்டாம். கால்நடை மருத்துவக் கல்லூரி பத்து வரியில் இதை ஆண்டுக்கணக்காகச் செய்து காட்டிக்கொண்டிருக்கிறது. சித்தம்பூண்டிப் பிள்ளைகள் தங்கள் ஊர்க் கல் நிலாவுக்கு ஏன் வேண்டியிருந்தது என்பதைத் தங்கள் பள்ளியிலேயே, தங்கள் மொழியிலேயே படிக்கலாம்.

அதுவரை நீங்கள் ஒன்று செய்யலாம். உங்கள் வயலில் மண் எடுக்கவோ, உங்கள் அம்மாயியிடம் பழைய சொல் கேட்கவோ ஒரு மாணவர் வந்தால் திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுங்கள், கேட்டதையெல்லாம் சொல்லுங்கள். எழுதி முடித்ததும் நான்கு பக்கம் தமிழில் கொண்டுவந்து தர வேண்டும் என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.